கவிழ்த்து வைத்த தம்ளர்

ஆலந்தலை
14.09.2024

அனிஷா மகளுக்கு, மாதா ஒன் தலைமேல கை வச்சுக் காக்கட்டும்னு சொல்லிட்டுப் பெரியம்மா எழுதுதேன்.

பேனா பிடிச்சு எத்தன வருசமாச்சோ தெரியல. ஒனக்குப் போனு போட்டா டொய்ங்குன்னு ஒரு சத்தம், அதோட சரி. அடுத்த வீட்டு அனுசியாட்ட காட்டுனேன். "ஒங்கள பிளாக் பண்ணிருக்கா"ன்னா. அப்படின்னா என்னளான்னு கேட்டேன். "கதவச் சாத்தி தாப்பா போட்டாச்சுன்னு அர்த்தம்"ன்னா. சிரிச்சிக்கிட்டே சொல்லுதா, சண்டாளி. ஒன் தூத்துக்குடி ஆபீசுக்கு ரெண்டு தடவ நடந்து, மேனேசரு தனராஜ் அண்ணாச்சிட்ட கெஞ்சித்தான் நீ மாத்தல் வாங்கிட்டுப் போன இந்தக் கோயமுத்தூரு ஆஸ்டல் விலாசம் வாங்குனேன். தபாலுக்கு யாரும் தாப்பா போட முடியாதுல்லா.

ஏளா, நீ நெனைக்க மாதிரி நான் ஒன்ன அசிங்கப்படுத்தணும்னு செய்யல. மூணு ஞாயித்துக்கெழமை கோயில்ல ஒன் கல்யாண ஓலை வாசிச்சாங்க. மொத ஓலைக்குப் பச்சப் பட்டு கட்டிட்டுப் போயி முன் பெஞ்சுல உக்காந்தேன். "ஆலந்தலை காலஞ்சென்ற விஜிலாவின் மகள் அனிஷாவுக்கும் திரேஸ்புரம் ஜெஸ்மியின் மகன் ஜாய்சனுக்கும்"னு சாமி வாசிக்கையில ஒங்கம்மா பேரக் கேட்டு எனக்கு மேலெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. கடைசியில சொல்லுவாங்கல்லா, "தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்"னு. அந்தக் கடமைங்கிற வார்த்த என்னப் பிடிச்சுக்கிடுச்சு. ரெண்டாவது ஓலைக்கும் அதே. எனக்குத் தெரியும், நான் சொல்லல, அப்ப நற்கருணை வாங்கலாமா? வாங்குனா சாவான பாவம்லா?

சூலை மாசம் நீ வந்தப்ப ஒன் பையில அந்தக் களிம்பு ட்யூபைப் பாத்து நான்தான் நோண்டிக் கேட்டேன். நீயும் மறைக்காமச் சொன்ன. கீழ மரு மாதிரி வந்துச்சு, டாக்டர்ட்ட காட்டிட்டேன், போயிருச்சுன்னு. அன்னையிலருந்து எனக்குத் தூக்கமும் இல்ல, சோறும் இல்ல. மூணாவது ஓலை முடிஞ்சதும் காலு தானா பீடத்துக்குப் பின்னால, சாமி உடுப்பு மாத்துத சக்ரிஸ்திக்குப் போயிருச்சு. சாமிட்ட மட்டும்தான் சொன்னேன். என் தொண்டைதான் ஒனக்குத் தெரியுமே. மெதுவாப் பேசுனாலே கடற்கரைக்குக் கேக்கும். பீடப் பூ மாத்துத பொம்பளைங்க நிக்காங்க, உபதேசியார் நிக்காரு, ஓலை கேக்க வந்த ஜெஸ்மி மதினியும் வாசல்ல நிக்கான்னு எனக்கென்ன தெரியும்? சாமி "இது தடையே இல்லம்மா, அமைதியாப் போங்க"ன்னாரு. அதுக்குள்ள ஜெஸ்மி மொகம் வெளுத்துப் போச்சு, கல்யாணமும் நின்னு போச்சு.

எனக்கு வேற வழி தெரியல மகளே. உச்சி வெயில்ல, தெருவுல ஒரு ஈ காக்கா இல்லாத நேரத்துல, பின்வாசல்ல அந்தச் சத்தம் கேக்கு. ஏனம், பாத்திரம் வைக்க சத்தம். போயிப் பாத்தா ஒண்ணும் இல்ல. ஓலை வாசிச்ச நாளிலருந்து தெனமும் கேக்கு. யாருன்னு நான் எழுத மாட்டேன்.

ஒரு வரியாவது போடு.

பெரியம்மா பிளாரன்ஸ்


கோயம்புத்தூர்
25.09.2024

பெரியம்மா,

உங்கள் கடிதம் வந்தது. பதில் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஒரே ஒரு விஷயம் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

ஜாய்சனுக்கு முன்பே தெரியும். மார்ச் மாதமே நான் சொல்லிவிட்டேன். நாலு வருஷத்துக்கு முன் எனக்கு ஒருவரோடு பழக்கம் இருந்து முறிந்ததையும் சொன்னேன். மரு வந்ததும் இரண்டு பேரும் சேர்ந்துதான் பாளையங்கோட்டைக்குப் போய் டாக்டரைப் பார்த்தோம். எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்து அவர் எல்லாவற்றையும் விளக்கினார். திரும்பி வரும்போது பஸ் ஸ்டாண்டில் ஜாய்சன் எனக்குப் பால்கோவா வாங்கிக் கொடுத்தான். அவ்வளவுதான் நடந்தது. எங்களுக்குள் அது முடிந்துபோன பேச்சு.

நீங்கள் சொல்லித்தான் அவனுக்குத் தெரிந்தது என்று ஊர் நினைக்கிறது. ஊர் முன்னால் அவனுடைய அம்மா கேட்டபோது, "எனக்குத் தெரியும்" என்று சொல்ல வேண்டியவன் தலையைக் குனிந்துகொண்டான். அதற்குப் பிறகு நான் அவனோடு பேசவில்லை. உங்களோடும் பேசவில்லை. என்னை நாலு வயதிலிருந்து வளர்த்தவர் நீங்கள். சக்ரிஸ்திக்குப் போவதற்கு முன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அன்று காலை வீட்டில் நான் பக்கத்து அறையில்தான் கல்யாணச் சேலைக்கு ஃபால்ஸ் தைத்துக்கொண்டிருந்தேன்.

இதற்குப் பதில் வேண்டாம்.

அனிஷா


ஆலந்தலை
03.10.2024

மகளே,

பதில் வேண்டாம்னு எழுதிருக்க. அதுக்கெல்லாம் அடங்குத ஆளா நான்?

அவனுக்குத் தெரியுமா! ஒங்கடுதாசிய அனுசியாட்டதான் வாசிக்கக் குடுத்தேன். கோவிக்காத, கண்ணாடி ஒடைஞ்சு போச்சு. அவ வாசிச்சிட்டு "அப்ப மாப்பிள்ளைக்கு வாயில என்ன கொழுக்கட்டையா?"ன்னா. நானும் அதத்தான் நெனச்சேன். பொறவு நெனச்சேன், அவன் வாய அடச்சது ஆரு? நாந்தான.

ஒன்ட ஒண்ணு கேக்கணும். வெக்கத்த விட்டுக் கேக்குதேன், உள்ளத மறைக்காமச் சொல்லு. அது ஒனக்கு எங்கருந்து வந்துச்சு? அந்தப் பழைய பையன்ட்டருந்துதான்னு டாக்டரு அடிச்சுச் சொன்னாரா? இல்ல, சின்னதுல வந்து ஒடம்புக்குள்ளயே கெடந்து இப்ப வெளிய வந்திருக்குமா? ஒரு வீட்டுத் துண்டு, ஒரு வீட்டுத் தம்ளர், ஒருத்தி கையால குளிப்பாட்டுனது, இதுல வருமா? இத மட்டும் தெளிவா எழுது. இதுக்குத்தான் நான் சாகாமக் கெடக்கேன்.

நீ சூலையில சொன்னப்பவே நெனச்சேன். ஒங்கம்மாவுக்கு வந்த மாதிரியே ஒனக்கும் வந்துருச்சேன்னு. அப்புறம் அந்தப் பையன் ஜாய்சனுக்கு வரும், அவன் வீட்டுக்குப் போகும், எங்கன போயி நிக்கும் இது? எங்கனயாவது நிப்பாட்டணும்லா. அதான் ஓலையில நிப்பாட்டுனேன்.

சத்தம் இன்னைக்கும் கேட்டுச்சு. செபமாலைய எடுத்துட்டுப் பின்வாசலுக்குப் போனேன். வாசப்படி ஈரமா இருந்துச்சு. மழையும் இல்ல, நான் தண்ணியும் தெளிக்கல. அனுசியா ஆட்டுக்குட்டி வந்து மோண்டிருக்கும்னு சொல்லுதா. இருக்கும்.

பெரியம்மா


கோயம்புத்தூர்
10.10.2024

பெரியம்மா,

"ஒங்கம்மாவுக்கு வந்த மாதிரியே" என்று எழுதியிருக்கிறீர்கள். தெரியாமல் எழுதிவிட்டீர்களா, தெரிந்தேதானா?

அம்மா வயிற்றில் கட்டி வந்து இறந்தாள் என்றுதான் இருபத்திரண்டு வருஷமாகச் சொல்லியிருக்கிறீர்கள்.

நானும் ஒன்று கேட்கிறேன். சின்ன வயதில் எனக்கு ஒரு கனவு வரும் என்று சொல்வேனே, நினைவிருக்கிறதா? ஜன்னல் கம்பிக்கு நடுவிலிருந்து ஒரு கை மட்டும் நீண்டு வரும். மெலிந்த கை, கண்ணாடி வளையல் ஒன்று முழங்கை வரை வழுகிப் போயிருக்கும். முகம் தெரியாது. அந்தக் கை எனக்கு ஒரு சிப்பி கொடுக்கும். நான் அழுதுகொண்டு ஓடி வந்தால் நீங்கள் நெற்றியில் சிலுவை போட்டு, "கெட்ட கனாளா, மறந்துரு" என்பீர்கள். பத்தாம் வகுப்பு வரை எனக்கு ஜன்னல் பக்கம் படுக்கப் பயம். இந்த ஹாஸ்டலிலும் என் கட்டில் ஜன்னல் ஓரம்தான். கல்யாணம் நின்றதிலிருந்து மறுபடி அந்தக் கை வருகிறது.

ஆனால் பெரியம்மா, அந்தச் சிப்பி என்னிடம் இருக்கிறது. முத்துச் சிப்பியின் ஒரு பாதி. உள்பக்கம் பளபளக்கும், ஓரத்தில் ஒரு சிறு உடைசல். கடற்கரையில் பொறுக்கினேன் என்று எல்லோரிடமும் சொல்லிவந்திருக்கிறேன். எங்கே, எப்போது பொறுக்கினேன் என்று எனக்கே தெரியாது. கனவில் கொடுத்த பொருள் எப்படிக் கையில் இருக்கும்?

உண்மையை எழுதுங்கள். எழுதாவிட்டால் நான் ஆலந்தலைக்கு இனி வரப்போவதில்லை. உங்களைப் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. வர முடியாது, அவ்வளவுதான்.

அனிஷா


ஆலந்தலை
18.10.2024

அனிஷா,

இந்தக் கடுதாசிய அனுசியாட்டயும் காட்டல. புதுக் கண்ணாடி போட்டு நானே எழுதுதேன். சாமிட்ட பாவசங்கீர்த்தனத்துல கூட நான் இத முழுசாச் சொன்னதில்ல.

மொதல்ல எனக்குத்தான் வந்துச்சு. ரோச் பெரியப்பா கப்பல்லருந்து எறங்கி வந்த வருசம், தொண்ணூத்தாறு. மூணு மாசம் கழிச்சு எனக்குக் கீழ கோழிக்கொண்ட மாதிரி சின்னச் சின்னதா மொளச்சுது. அவர்ட்டயும் கேக்கல, ஆருட்டயும் சொல்லல. கேட்டா என்ன சொல்லுவாரு? சுண்ணாம்பையும் சவுக்காரத்தையும் கொழச்சு நானே வச்சேன். புண்ணாகி எட்டு நாளு உக்கார முடியல, மூலம்னு சொல்லி ஊர ஏமாத்துனேன். மாதாவுக்கு வெறுங்கால் நடையா நேந்துக்கிட்டேன். போயிருச்சு. மாதா தொடச்சுவிட்டான்னு நெனச்சேன்.

ரெண்டு வருசம் கழிச்சு ஒங்கம்மா விஜிலா ஒன்னப் பெக்க எங்கூட்டுக்கு வந்தா. ஒரே பாவாட ரெண்டு பேரும் கட்டுனோம். ஒரே துண்டு. அக்கா தங்கச்சிக்குள்ள என்ன. நீ பொறந்து ரெண்டு வருசத்துல அவளுக்கும் அதே மாதிரி வந்துச்சு, அப்புறம் ரத்தமும் போச்சு. ஒங்கப்பன் ஜோன்ஸ் கப்பல்லருந்து வந்தவன், "ஆருட்ட போன?"ன்னு கேட்டு, மூட்டையோட பஸ் ஏத்திவிட்டான். அவளாவது, போறதாவது! மீன் கூடைய எறக்கக்கூட ஆம்பள கைய எதிர்பாக்காதவ. அதுக்கப்புறம் அவன் மும்பையிலயே இன்னொருத்தியக் கட்டிட்டு இருந்துட்டான். தூத்துக்குடியில டாக்டரு பாத்துட்டு "கர்ப்பப்பை வாயில புத்து, முத்திருச்சு"ன்னாரு.

எனக்கு அப்பவே தெரிஞ்சுபோச்சு. நான் தப்பிச்சேன், எனக்குள்ளருந்தது தாவி தங்கச்சிகிட்ட போயிருச்சு. அடுத்து ஒன்ட்டதான வரும்? அதனால வலை வைக்கிற பின்ரூம்ல அவளப் போட்டேன். தனித் தட்டு, தனித் தம்ளர், "வி"ன்னு பேரு வெட்டுனது. அவ குடிச்சு முடிச்சதும் தம்ளரப் பின்வாசப்படியில கவுத்து வைப்பா, டக்குன்னு சத்தம் கேக்கும். நான் ஒசரத்துலருந்து தண்ணி ஊத்திக் கழுவுவேன். அவ கையிலருந்து என் கைக்கு அந்தத் தம்ளரு ஒரு நாளும் வந்ததில்ல. ஒரு வருசம் இப்படி.

ஒன்ன அவகிட்ட விடல. ஒரு நாளு மத்தியானம் நீ கொல்லையில வெளையாடிட்டு ஜன்னல்கிட்ட போயிட்ட. அவ கைய நீட்டிச் சிப்பி குடுத்தா. நான் ஓடிவந்து ஒன்னத் தூக்கிட்டுப் போயி டெட்டால் போட்டுக் கைய தேச்சேன். நீ கத்துன கத்து! சிப்பியப் பிடுங்கி வேலிக்கு அங்கிட்டு எறிஞ்சேன். நீ எப்பப் போயி எடுத்தன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

அது கனா இல்ல மகளே. அது ஒங்கம்மா கை.

கடைசி வாரம், "அக்கா, ஒரே ஒரு தடவ பிள்ளைய மடியில வையி"ன்னா. "சொகமாவட்டும்ளா, அப்புறம் தாரேன்"னு சொன்னேன். ஐப்பசி மாசம் பத்தாந்தேதி போயிட்டா. இப்பவும் ஐப்பசிதான் நடக்கு.

இத வாசிச்சிட்டு நீ வராட்டாலும் நான் ஒன்னும் சொல்ல மாட்டேன்.

பிளாரன்ஸ்


ஆலந்தலை
03.11.2024

மகளே,

ரெண்டு வாரமா தபால்காரரு பிச்சையா எங்கூட்டத் தாண்டிப் போகையில தலையக் குனிஞ்சுக்கிட்டு சைக்கிள மிதிக்காரு. "கடுதாசி இல்லம்மா"ன்னு சொல்ல அவருக்கே சங்கட்டமா இருக்கு போல.

நேத்து கல்லறைத் திருநாள். ஒங்கம்மா கல்லறைக்கு வெள்ளையடிச்சு, செவந்தி வச்சு, மெழுகுவர்த்தி கொளுத்துனேன். நாலு வர்த்தியும் எரியுது, அஞ்சாவது மட்டும் காத்தே இல்லாம அணைஞ்சு போகுது. மூணு தடவ கொளுத்துனேன். அப்ப பின்னாலருந்து ஒரு கை வந்து வர்த்திய மறச்சுப் பிடிச்சுது. எனக்கு உசுரே போச்சு. திரும்பிப் பாத்தா ஜாய்சன்.

"ஏலே, நீ இங்கன எதுக்கு வந்த?"ன்னேன்.

"அனிஷா அம்மாவுக்கு வர்த்தி வைக்கலாம்னு வந்தேன் பெரியம்மா."

"அன்னைக்கு ஒங்கம்மா கேட்டப்ப, தெரியும்னு சொல்ல வாய் வரல, இப்ப வர்த்தி வைக்க மட்டும் கை வருதோ?"

வர்த்திய மண்ணுல அழுத்தி நட்டான். அப்புறம், "நான் தெரியும்னு சொன்னா எனக்கும் அது இருக்குன்னு எல்லாரும் நெனப்பாங்கன்னு பயந்துட்டேன். துறைமுகத்துல கூட வேல பாக்கவனுவ வாய் ஒங்களுக்குத் தெரியாது"ன்னான்.

"இருக்காலே?"

"இருக்கலாம்னு டாக்டர் சொன்னாரு. வெளிய தெரியாமலேயும் இருக்கும்னாரு. அவகிட்டருந்து வந்துச்சா, எங்கிட்டருந்து போச்சான்னு யாராலயும் சொல்ல முடியாதுன்னாரு. நானும் ஒண்ணும் யோக்கியன் இல்ல பெரியம்மா. கப்பல்ல ரெண்டு வருசம் இருந்தவன்தான்."

 ரெண்டு பேரும் வர்த்தி உருகி முடியுற வரைக்கும் நின்னோம்.

ஆருட்டருந்து வந்துச்சுன்னு சொல்ல முடியாதுன்னா, அப்ப நான் இத்தன வருசம் நெனச்சுக்கிட்டிருந்தது என்ன? நீதான் சொல்லணும்.

பெரியம்மா


கோயம்புத்தூர்
12.11.2024

பெரியம்மா,

மூன்று வாரம் என்னால் எழுத முடியவில்லை. ஆபீஸில் கப்பல் சரக்குக்கான பில் ஆஃப் லேடிங் டைப் செய்துகொண்டே அழுதேன். ஒரு நாள் லீவு போட்டு இங்கே ஒரு பெண் டாக்டரைப் பார்த்து, உங்கள் கடிதத்தில் இருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். இதை நீங்கள் அனுசியாவிடம் காட்டலாம். காட்டுங்கள்.

இதற்குக் காரணம் ஒரு வைரஸ், எச்.பி.வி. என்று பேர். நூற்றுக்கும் மேல் வகை உண்டு. உறவு வைத்துக்கொள்கிற பெரும்பாலானவர்களுக்கு வாழ்க்கையில் எப்போதாவது வந்து போகும், வந்ததே தெரியாமல். தோலோடு தோல் சேருகிற உறவில்தான் பரவும். ஆணுறை ஆபத்தைக் குறைக்கும், முழுதாகத் தடுக்காது. மரு ஒரு மாதத்திலும் வரலாம், வருஷக்கணக்கில் கழித்தும் வரலாம். அதனால்தான் யாரிடமிருந்து வந்தது என்று தேதி போட்டுச் சொல்ல முடியாது. மரு வந்ததை வைத்து ஒருத்தி தப்பு செய்தாள் என்றும் சொல்ல முடியாது. இதை அப்பாவிடம் சொல்ல அப்போது யாரும் இல்லை.

மருவைக் கொண்டுவருகிற வகை வேறு, புற்றைக் கொண்டுவருகிற வகை பெரும்பாலும் வேறு. மரு புற்றாக மாறவில்லை. அம்மாவுக்கு இரண்டும் இருந்திருக்கிறது. அது கெட்ட நேரம். அப்பா கப்பலில் இருந்தவர். அதற்கு மேல் நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

தம்ளரில் பரவாது. தட்டில் பரவாது. பிள்ளையைத் தூக்கினால் பரவாது. துண்டையும் பாவாடையையும் பற்றி இரண்டு தடவை கேட்டேன். "உங்கள் பெரியம்மாவிடமிருந்து உங்கள் அம்மாவுக்குப் போனதாக நினைக்க ஒரு காரணமும் இல்லை" என்றார். எனக்கும் உங்கள் கையால் வரவில்லை. இருபத்திரண்டு வருஷமாக நீங்கள் சுமந்தது உங்களுடையதே இல்லை.

இதை எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். அரை மணி நேரம் கழித்து மறுபடி எழுதுகிறேன்.

நான் அம்மா மடியில் உட்கார்ந்திருக்கலாம் பெரியம்மா. ஒரு வருஷம் முழுக்க உட்கார்ந்திருக்கலாம். ஒன்றும் ஆகியிருக்காது.

உங்களுக்குத் தெரியாது என்பது எனக்குப் புரிகிறது. புரிவதால் வலி குறைகிறதா என்றால் இல்லை. அம்மாவைப் பின்ரூமில் வைத்தது பயம். என் கல்யாணத்தைச் சக்ரிஸ்தியில் நிறுத்தியதும் அதே பயம்தான். இரண்டு தடவையும் நீங்கள் யாரிடமும் கேட்கவில்லை. கேட்பதற்கு வெட்கப்பட்டீர்கள். வெட்கம் உங்களுடையது, தண்டனை எங்களுக்கு.

நீங்கள் ஒன்று செய்ய வேண்டும். உங்களுக்கும் அது வந்திருக்கிறது. புற்றுக்கு முந்திய மாற்றம் இருக்கிறதா என்று பார்க்கிற பரிசோதனை உண்டு, பெரிய ஆஸ்பத்திரியில் செய்வார்கள். வலிக்காது. ஆரம்பத்திலேயே பார்த்தால் புற்று வராமலே தடுத்துவிடலாம். அம்மாவுக்கு அதைச் சொல்லவும் யாரும் இல்லை. நான் தடுப்பூசியின் முதல் ஊசி போட்டுக்கொண்டேன். முன்பே வந்த வகைக்கு அது பலன் தராது, மற்ற வகைகளுக்குக் காப்பு என்றார்கள்.

ஜாய்சன் மூன்று தடவை மெசேஜ் அனுப்பிவிட்டான். அவனை நான் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் அதில் தலையிட வேண்டாம்.

அனிஷா


ஆலந்தலை
28.11.2024

மகளே,

ஒங்கடுதாசிய மாதா படத்துக்கு முன்னால வச்சு நாலு தடவ வாசிச்சேன். தம்ளரில் பரவாதுங்கிற எடத்துல வந்து வந்து நின்னுருவேன். அதுக்கு மேல போக முடியாது.

டெஸ்டுக்குப் போனேன். அந்த மேசையில ஏத்திக் காலத் தூக்கி வைக்கச் சொன்னாங்க. சேசுவேன்னேன். டாக்டரு ஒன் வயசுப் பிள்ள. "பாட்டி, ரிலாக்ஸா இருங்க"ங்கா. "ஏளா, நான் பாட்டி இல்ல, பெரியம்மா"ன்னேன். சிரிச்சுட்டா. அந்தச் சிரிப்புலயே முடிஞ்சு போச்சு, ஒரு எறும்பு கடிச்ச மாதிரி கூட இல்ல. இதுக்கா பயந்தேன்!

நீ தலையிடாதன்ன. ஜாய்சன் விசயத்துல தலையிடல. எம் பாவத்துல தலையிட்டேன். ஞாயித்துக்கெழமை பூசை முடிஞ்சு அதே சக்ரிஸ்தி வாசல்ல, அதே பொம்பளைங்க பூ மாத்திட்டு நிக்கையில, அன்னைக்குப் பேசுன அதே தொண்டையில சொன்னேன். "எம் பிள்ளைக்கு வந்தது எனக்கும் வந்துச்சு, எந்தங்கச்சிக்கும் வந்துச்சு. நான் வாய மூடிட்டிருந்தேன். அனிஷா தெகிரியமா டாக்டர்ட்ட போனா. தடை அவ இல்ல, நாந்தான்"னேன்.  உபதேசியார் மெழுகுவர்த்தித் தண்டக் கீழ போட்டுட்டாரு. சாமி வந்து என் தோளத் தொட்டு, "வாங்கம்மா, ஒரு வாய் காப்பி குடிங்க"ன்னாரு.

அப்படியே பஸ் ஏறித் திரேஸ்புரம் போனேன், ஜெஸ்மி மதினி வீட்டுக்கு. அவ கருவாட்டப் புரட்டிப் போட்டுக்கிட்டிருந்தா. வான்னும் சொல்லல, போன்னும் சொல்லல. நான் நின்னுக்கிட்டே எல்லாத்தையும் சொல்லி முடிச்சேன். அவ கையிலருந்த கருவாட்டக் கீழ வச்சா. அப்புறம் தெருவுல ஆள் இருக்கான்னு ஒரு பார்வை பாத்துட்டு, கொரல எறக்கிக் கேட்டா: "மதினி, அந்த டெஸ்டு எங்கன எடுக்காங்க?"

அவ வீட்டுக்காரரும் கப்பல்ல இருந்தவருதான மகளே.

எனக்கு ரிசல்டு வந்துருச்சு. ஏதோ மாத்தம் தெரியுதாம். புத்துன்னு இல்லையாம், இன்னொரு டெஸ்டு எடுத்துச் சின்னதாக் கிள்ளிப் பாக்கணுமாம். டிசம்பர் பதினேழு. கூட ஆள் கூட்டிட்டு வரணும்னாங்க. அனுசியா வாரேன்னிருக்கா. நீ வான்னு நான் சொல்லல. அந்த யோக்கியத எனக்கு இல்ல.

சத்தம் இன்னும் நிக்கல. நேத்து மத்தியானமும் கேட்டுச்சு, டக்குன்னு. மொத மொதல்ல எனக்குப் பயம் வரல. பின்வாசலத் தொறந்து, "ஏளா விஜிலா, வெளிய எதுக்கு நிக்க, உள்ள வா"ன்னேன். வெயில்தான் உள்ள வந்துச்சு. ஒரு பாயை விரிச்சுப் போட்டு அங்கனயே உக்காந்துட்டேன்.

அவ தம்ளரும் தட்டும் பரண்ல ஒரு சாக்குல கெடக்கு. கீழ எறக்கத் தைரியம் வரல.

பெரியம்மா


கோயம்புத்தூர்
05.12.2024

பெரியம்மா,

அனுசியாவிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பதினாறாம் தேதி காலை நான் வருகிறேன். திருச்செந்தூரில் இறங்கி ஆட்டோ பிடித்துக்கொள்கிறேன், பஸ் ஸ்டாண்டில் வந்து நிற்க வேண்டாம். எத்தனை நாள் இருப்பேன் என்று கேட்காதீர்கள். டெஸ்ட் முடிந்து ரிசல்ட் வரும்வரை கட்டாயம் இருப்பேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஜாய்சனிடம் ஒரு தடவை பேசினேன். மறுபடி ஓலை கொடுக்கலாமா என்று கேட்டான். முதலில் உன் அம்மா முன்னால் நின்று, "எனக்குத் தெரியும்" என்று சொல், பிறகு பார்க்கலாம் என்றேன். இன்னும் பதில் இல்லை.

சிப்பியைக் கொண்டுவருகிறேன். அந்தப் பின்ரூமில், ஜன்னலுக்கு உள்பக்கம் நான் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும். நீங்கள் கூட வர வேண்டாம்.

நான் வருவதற்குள் அம்மாவின் தம்ளரைப் பரணிலிருந்து இறக்கி, புளி போட்டுத் தேய்த்து வையுங்கள். அதில்தான் எனக்குக் கடுங்காப்பி ஊற்ற வேண்டும். குடித்துவிட்டு வாசப்படியில் கவிழ்த்து வைக்க மாட்டேன். உங்கள் கையில் தருவேன். வாங்கிக்கொள்ளுங்கள்.

அனிஷா